பழைய புல்லட் 350-இன் கார்புரேட்டரைக் கடையில் கொடுத்து ஓவர்ஹால் செய்ய வேண்டுமா, நானே பார்க்கலாமா?

உங்கள் வண்டியில் இருப்பது பழைய மிக்கார்ப் கார்புரேட்டர் என்றால் முதலில் நீங்களே கழற்றிப் பாருங்கள், காசு கொடுப்பதை அப்புறம் யோசிக்கலாம். பல மாதம் ஓடாமல் நின்ற வண்டியில் பெட்ரோல் வற்றிப் பிசினாகி, ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னப் பித்தளைத் துண்டான பைலட் ஜெட்டின் தலைமுடி அளவே இருக்கும் துளையை அடைத்திருக்கும். சோக் இழுத்தால் ஓடுகிறது, விட்டால் அணைகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, காற்று ஊதி, ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். தயவுசெய்து குண்டூசி விடாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் வீண்தான்.

ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டுகிறதா? கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் ஃப்ளோட் ஊசியின் கூம்பு நுனியில் வளையமாகத் தேய்ந்த கோடு இருக்கும். ரிப்பேர் கிட் வாங்கி மாற்றினால் போதும்.

ஆக்சிலேட்டரைத் திருகும்போது மேலும் கீழும் நகரும் ஸ்லைடின் தேய்மானம் மட்டும் வேறு கதை. ஸ்லைடை உள்ளே விட்டு ஆட்டும்போது கடகடவென்று ஆடி, ஐட்லிங்கும் ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்கினால், அதை எந்தக் கிட்டும் சரிசெய்யாது, நல்ல மெக்கானிக்கே ஆனாலும் பாடி தேய்ந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, அதனால் ஓவர்ஹாலுக்குக் கொடுக்கும் பணத்தைப் புதுக் கார்புரேட்டரில் போடுங்கள். எஞ்சின் ஓடும்போது, கார்புரேட்டர் எஞ்சின் ஹெட்டோடு சேரும் இடத்தில் கிளீனர் அடித்ததும் எஞ்சின் சத்தம் மாறினால் அங்கே காற்று கசிகிறது, அதற்கு அந்த இணைப்பில் இருக்கும் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

உள்ளே வெள்ளையாகப் பூத்து, கண்ணுக்குத் தெரியாத உள்வழிகள் அடைத்திருந்தால்தான் கடைக்குப் போக வேண்டும். ஒலி அதிர்வால் அழுக்கை எடுக்கும் அல்ட்ராசானிக் தொட்டி வைத்திருப்பவரிடமே கொடுங்கள்.