பாகற்காய் பிடித்தவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கசப்பு பிடித்தவர்களுக்கு ஈவு இரக்கம் இருக்காது என்று ஒரு ஆய்வு சொல்கிறதாம். வாட்ஸப்பில் வந்ததை வீட்டில் எல்லாரும் படித்துச் சிரித்தார்கள். எனக்குப் பாகற்காய் வறுவல் என்றால் உயிர், மனசு கஷ்டமாகிவிட்டது. இன்னொன்று, அப்பா தவறிய இந்த இரண்டு மாதமாக என் சமையலில் உப்பு தூக்கலாக இருக்கிறது என்கிறார்கள். சுவைக்கும் குணத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

அப்படி ஒரு ஆய்வு இருக்கிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தார் செய்தது, 2016இல் வெளிவந்தது. ஆயிரம் பேர் போல அமெரிக்கர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார்கள். கிடைத்தது மெல்லிய தொடர்புதான், அதை வைத்து ஒரு ஆளை எடைபோட முடியாது. நம் வீடுகளில் சித்திரை முதல் நாள் வேப்பம்பூப் பச்சடியைக் குழந்தையின் நாக்கில் தடவுகிறோம். நமக்குக் கசப்பு யாரோ மடியில் வைத்துப் பழக்கியது. அதில் கல்நெஞ்சு எங்கிருந்து வரும்?

நாக்கே ஆளுக்கு ஆள் வேறு. 1931இல் அமெரிக்காவில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு பொடியைக் கொட்டும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவருக்கு வாயெல்லாம் கசந்தது, ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இந்த வித்தியாசம் பரம்பரையாக வருவது என்று பிறகு தெரிந்தது.

ஆனால் உங்கள் உப்பு விஷயம் வேறு. மனநிலை நாக்கை மாற்றும், அதை நான் முழுசாக நம்புகிறேன். பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 2006இல் பார்த்தார்கள்: மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற வேதிப்பொருளை மூளையில் கூட்டும் மருந்து கொடுத்ததும், முன்பு தெரியாத அளவுக்குக் கொஞ்சமான இனிப்பும் கசப்பும்கூட நாக்குக்குத் தெரிந்தன. மனப்பதற்றம் கூடுதலாக இருந்தவர்களுக்கோ உப்பும் கசப்பும் தெரிவதற்கே கூடுதல் அளவு தேவைப்பட்டது.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் வைத்த முதல் ரசம் நினைவிருக்கிறது. அதே புளி, அதே மிளகு. சப்பென்று இருக்கிறதே என்று மூன்று தடவை உப்பு போட்டேன். மகன் ஒரு வாய் வைத்தான், ஒன்றும் சொல்லாமல் மோரை எடுத்து ஊற்றிக்கொண்டான்.

கொஞ்ச நாளைக்கு உப்பை வேறு யாராவது பார்க்கட்டும். எதிலும் ருசியில்லை, பசியுமில்லை என்று நீண்டுகொண்டே போனால் மட்டும் மருத்துவரிடம் போய்விடுங்கள். சரி, அப்பாவுக்கும் பாகற்காய் பிடிக்குமா? எழுதுங்கள்.