கூட்டாக ஆடும் வீடியோ கேமில் ஒருவர் திறனை வளர்க்கவும் இன்னொருவர் பொழுதுபோக்கவும் விரும்புவது ஏன்?

கூட்டு விளையாட்டு என்பது ஆடுபவர்கள் ஒருவரையொருவர் எதிர்க்காமல், கணினி தரும் சவாலை ஒரே அணியாக எதிர்கொள்வதாகும். ஆகவே அங்கே போட்டி அணிக்குள் அல்ல, அந்தச் சவாலோடுதான். 2016இல் வெளிவந்த ஓவர்குக்ட் விளையாட்டில் நால்வர் வரை ஒரே சமையலறையில் காய் நறுக்கி, வேகவைத்து, தட்டு கழுவி, நேரம் முடிவதற்குள் உணவை அனுப்ப வேண்டும். எடுக்கும் புள்ளிக்கேற்ப ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று நட்சத்திரம் வரை கிடைக்கும். ஒரு நட்சத்திரத்தில் மனநிறைவு அடைபவரும், மூன்றுக்காக அதே கட்டத்தைப் பத்து முறை ஆடுபவரும் சேரும்போது, ஒருவரின் தவறு எல்லாருடைய புள்ளியையும் குறைப்பதால்தான் உரசல் எழுகிறது.

மதுரையில் இரவுக் கூட்டத்துக்கு நடுவே பரோட்டா மாவு வீசும் மாஸ்டருக்கு ஒவ்வொரு வீச்சும் கணக்கு. அவரே வீட்டில் பிள்ளைகளோடு வீசும்போது மாவு கிழிந்தாலும் சிரிப்புதான். கேமிலும் அப்படித்தான்: திறனுக்காக ஆடுவது, பொழுதுபோக்காக ஆடுவது இரண்டும் எனக்கு உண்மையான ஆட்டமாகவே தோன்றுகின்றன.

சாதாரணமாக ஆடுபவருக்குத் திறமை இல்லை என்று பலர் எண்ணுவது தவறு. அன்று அவர் தேடுவது நட்சத்திரத்தை அல்ல, உடன் ஆடுபவரின் துணையை.