கொள்ளைநோயும் ராணுவ மருத்துவமனையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1918 இன்ஃப்ளூயன்சா பற்றி நீங்கள் எழுதியதைப் பேத்தி செல்போனில் வாசித்துக் காட்டினாள். அமெரிக்காவின் டெவன்ஸ் ராணுவ முகாம் மருத்துவமனை சில வாரங்களில் நிலைகுலைந்ததைச் சொல்லி, கொள்ளைநோய் வந்தால் முதலில் தடுமாறுவது ராணுவ மருத்துவமனைதான் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

நான் ஆர்மி மெடிக்கல் கோரில் நர்சிங் அசிஸ்டன்டாக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். வேலூர் பக்கம் கிராமம். ஒரே நேரத்தில் நூறு பேர் காயத்தோடு வந்தால் யார் எங்கே நிற்க வேண்டும் என்று எங்களுக்கு ஒத்திகை உண்டு. வெறும் மைதானத்தில் கூடாரம் அடித்து ஆஸ்பத்திரி நடத்தத் தெரியும். 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஜனங்கள் படுக்கை தேடி ஆம்புலன்சில் அலைந்தபோது டெல்லியிலும் அகமதாபாத்திலும் போய் நின்றது ராணுவ டாக்டர்கள்தானே? அடுத்த முறை தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் ராணுவத்திடம் கொடுத்துவிட்டால் என்ன?

இன்னொன்று. பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். ராணுவ நர்சிங்கில் சேர வேண்டும் என்கிறாள். அவள் அம்மாவுக்குப் பயம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது மகிழ்ச்சி. வார்டில் இரவு முழுக்க நின்றவர் எழுதுவதை நான் மதிக்கிறேன். நீங்கள் சொல்லும் ஒழுங்கும் வேகமும் உண்மை. ஆனாலும் அந்தக் கட்டுரையில் எழுதிய கருத்தை மாற்றிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

டெவன்ஸ் மருத்துவமனை மோசமான மருத்துவமனை அல்ல. 1917இல் கட்டிய முகாம், புதிய கட்டடம், நல்ல டாக்டர்கள். பாஸ்டன் நகரத்திலிருந்து வடமேற்கே சுமார் 35 மைல். 36 ஆயிரம் பேருக்காகக் கட்டிய அந்த முகாமில் 1918 செப்டம்பரில் 45 ஆயிரம் பேர் இருந்தார்கள். அதிகபட்சம் 2,000 நோயாளிகளைத் தாங்கக்கூடிய மருத்துவமனைக்குள் 8,000 பேரைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். செப்டம்பர் 23 அன்று நாட்டின் மிகப் பெரிய மருத்துவ அறிஞர்களான வில்லியம் வெல்ச், விக்டர் வாகன், ரூஃபஸ் கோல் மூவரும் அங்கே போய் இறங்கினார்கள். அன்று ஒரு நாளில் மட்டும் 63 பேர் செத்திருந்தார்கள். இந்த எண்களைக் கட்டுரையில் கொடுத்திருந்தேன். அங்கே எழுதாத ஒன்று உண்டு: இருந்த 200 நர்சுகளில் 70 பேர் தாங்களே காய்ச்சலில் படுத்துவிட்டார்கள்.

எனக்கு அந்த எழுபதுதான் முக்கியம். போர்க்காயம் நர்சைத் தொற்றாது. குண்டு வெடித்து நூறு பேர் வந்தால் நூறு பேர்தான். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் நீங்கள் மறுநாளும் நிற்பீர்கள். நீங்கள் செய்த ஒத்திகையெல்லாம் இந்தக் கணக்கில் போட்டவை. கொள்ளைநோயில் நோயாளி கூடக்கூடப் பார்த்துக்கொள்பவர்கள் குறைந்துகொண்டே வருவார்கள். ஒரு மருத்துவமனை தயாராக இருக்கிறதா என்று பார்க்க வருகிற அதிகாரி படுக்கைகளை எண்ணிவிட்டுப் போவார், அது சுலபம். மூன்றில் ஒரு நர்ஸ் படுத்துவிட்ட பிறகும் இதே வார்டு இரவு ஷிப்டில் ஓடுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்து, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இருந்த கிராண்ட் ராணுவ முகாம். அங்கிருந்த மருத்துவமனையின் மருத்துவப் பிரிவுத் தலைவர் ஜோசப் கேப்ஸ். நோயாளிகளுக்கு முகக்கவசம் கட்டினால் தொற்று குறைகிறது என்பதைக் கொள்ளைநோய் வருவதற்கு முன்பே செய்து பார்த்து எழுதியவர். படுக்கைகளுக்கு நடுவே திரைச்சீலை தொங்கவிட்டுப் பிரித்தவர். அன்றைக்கு உலகத்தில் தெரிந்த அளவுக்கு அந்த மருத்துவமனைக்குத் தெரிந்திருந்தது. ஆனால் படைவீரர்கள் தூங்கும் இடத்தை முடிவு செய்பவர் கேப்ஸ் அல்ல, முகாமின் தலைவர் கர்னல் சார்லஸ் ஹாகடார்ன். கட்டடங்களில் நெரிசல் கூடாது என்று விதி இருந்தது. செப்டம்பர் 20 அன்று, ராணுவத் தேவையை முன்னிட்டு வீரர்களை நெருக்கித் தங்க வைக்கலாம் என்று அவர் உத்தரவு போட்டார். முகாமின் மருத்துவ அதிகாரியும் இதற்கு இசைகிறார் என்று அந்த உத்தரவிலேயே எழுதியிருந்தது. மறுநாள் முதல் நோயாளிகள் வந்தார்கள். சுமார் அறுநூறு பேர் படுத்திருந்த மருத்துவமனையில் ஆறே நாளில் நாலாயிரத்துக்கு மேல். இதற்கிடையில் அதே முகாமிலிருந்து ஜார்ஜியாவின் ஹான்காக் முகாமுக்கு 3,108 பேரை ரயிலில் அடைத்து அனுப்பினார்கள். இறங்கியதும் 700 பேருக்கு மேல் நேராக மருத்துவமனைக்குப் போனார்கள். கிராண்ட் முகாமில் சாவு ஆயிரத்தைத் தாண்டியது. அக்டோபரில், நாள்தோறும் வந்துகொண்டிருந்த மரணக் கணக்குகளுக்கு நடுவே, ஹாகடார்ன் தன்னையே சுட்டுக்கொண்டார். அவரை நினைத்தால் எனக்குக் கோபத்தைவிட வருத்தமே அதிகம். முதல் உலகப் போருக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்ற நெருக்கடி மேலிருந்து வந்துகொண்டே இருந்தது.

ஐயா, நீங்கள் சீருடை போட்டவர், உங்களுக்குத் தெரியும். மேஜர் டாக்டர் ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் ஒரு பட்டாலியன் ரயில் ஏறாமல் நிற்குமா? ராணுவ மருத்துவமனையின் தயார்நிலையை அளக்கும்போது நான் ஆக்சிஜன் குழாயைப் பார்ப்பதற்கு முன்னால் இதைக் கேட்பேன். டாக்டரின் சொல் அறிவுரையாகவே நின்றுவிடுகிறதா, உத்தரவாகுமா? கேப்ஸின் முகக்கவசம் மருத்துவமனைக்குள் இருந்தது. நோய் பரவிய பாரக்குகள், அதாவது வீரர்கள் தூங்கும் கட்டடங்கள், மருத்துவமனைக்கு வெளியே இருந்தன.

அந்தக் கதையில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அதை நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை. நர்ஸ் இல்லை, நர்ஸ் இல்லை என்று அமெரிக்கா முழுக்கக் கூக்குரல். அதே நேரத்தில், முறையாகப் படித்துத் தேறிய கறுப்பின நர்சுகள் போருக்குப் போகத் தயாராகச் செஞ்சிலுவைச் சங்கத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ராணுவம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1918 டிசம்பரில், போரும் முடிந்து இலையுதிர்கால அலையின் உச்சமும் கடந்த பிறகு, 18 பேரைக் கிராண்ட் முகாமுக்கும் ஓஹியோவின் ஷெர்மன் முகாமுக்கும் அனுப்பினார்கள். தங்குமிடம் மட்டும் தனியாக. செப்டம்பரில் ஒரு வார்டில் நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் இருந்தபோது அவர்கள் இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? மருந்து இல்லாத அந்தக் காலத்தில் நிமோனியாக்காரரைக் காப்பாற்றியது பெரும்பாலும் நர்சிங்தான்: தண்ணீர், சூடு, சுத்தம், பக்கத்தில் ஓர் ஆள். அந்தப் போரில் அமெரிக்க ராணுவம் காய்ச்சலுக்கும் அதைத் தொடர்ந்த நிமோனியாவுக்கும் மட்டும் சுமார் 45 ஆயிரம் பேரை இழந்தது. சண்டையில் செத்தவர்கள் சுமார் 53 ஆயிரம்.

சரி, நூறு வருடத்துக்கு முந்தைய கதை என்பீர்கள். 2020க்கு வருவோம். மார்ச் 30 அன்று அமெரிக்கக் கடற்படையின் கம்ஃபர்ட் என்ற மருத்துவமனைக் கப்பல் நியூயார்க் துறைமுகத்துக்கு வந்தது. 1,000 படுக்கை, 12 ஆபரேஷன் தியேட்டர். கரையில் ஜனங்கள் கூடி நின்று பார்த்தார்கள். ஆனால் அது குண்டடி பட்டவர்களுக்காக வடிவமைத்த கப்பல். பெரிய திறந்த வார்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கைகள். தொற்றுநோயாளியை அங்கே எப்படிப் படுக்க வைப்பது? அதனால் முதலில் கொரோனா இல்லாதவர்களை மட்டும் எடுப்பதாக இருந்தது. நகரத்திலோ அப்போது கொரோனாக்காரர்களே எங்கும். ஒரு வாரத்துக்குப் பிறகு கொள்கையை மாற்றி, படுக்கைகளைப் பாதியாகக் குறைத்து, கொரோனா நோயாளிகளையும் சேர்த்தார்கள். ஏப்ரல் 30 அன்று கப்பல் கிளம்பும்போது அது பார்த்திருந்த நோயாளிகள் 182 பேர். லாஸ் ஏஞ்சலஸுக்குப் போன மெர்சி கப்பலில் 77 பேர். அதில் வேலை செய்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கரையிலுள்ள கடற்படை மருத்துவமனைகளிலிருந்து கிளம்பிவந்து உயிரைக் கொடுத்து உழைத்தார்கள். ராணுவ மருத்துவம் எந்த நோயாளிக்காகத் தயாராகிறதோ அந்த நோயாளி கொள்ளைநோயில் வருவதில்லை, அவ்வளவுதான். இருபத்தைந்து வயதுக் காயம்பட்ட ஆளுக்குப் பதிலாக, சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ள எழுபது வயது அம்மா வருகிறார். அவருக்கு வேண்டியது அறுவை சிகிச்சை நிபுணர் அல்ல. நுரையீரல் மருத்துவரும், வாரக்கணக்கில் வென்டிலேட்டரைக் கவனிக்கத் தெரிந்த ஐசியு நர்சும்.

ஊஹானில் பத்தே நாளில் எழுப்பிய ஹுவோஷென்ஷான் மருத்துவமனையை எல்லோரும் டிவியில் பார்த்தோம். நம் பேச்செல்லாம் அந்தப் பத்து நாளைப் பற்றித்தான். 1,000 படுக்கை கொண்ட அந்தக் கட்டடத்துக்குச் சீன ராணுவம் 1,400 மருத்துவப் பணியாளர்களை அனுப்பியதை யாரும் அதிகம் பேசவில்லை. படுக்கையைவிட ஆட்கள் அதிகம்! அவர்கள் ஏற்கெனவே வேறு மருத்துவமனைகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள். நாடு முழுக்க ஒரே நேரத்தில் ஊஹான் போல ஆகியிருந்தால் அந்த 1,400 பேர் எங்கிருந்து வந்திருப்பார்கள்?

அந்தக் கேள்விதான் 2021இல் நமக்கு வந்தது. அகமதாபாத்தில் 900 படுக்கை, வாரணாசியில் 750 என்று ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ அடுத்தடுத்து எழுப்பிக்கொண்டே போனது. ஆட்களுக்கு என்ன செய்தார்கள் பாருங்கள். பணிக்காலம் முடிந்து வெளியேற வேண்டிய குறுகியகாலப் பணி டாக்டர்களை டிசம்பர் 31 வரை நிறுத்திவைத்தார்கள். அதில் 238 பேர் கிடைத்தார்கள். முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓய்வு பெற்றவர்களை அவரவர் வீட்டுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கக் கூப்பிட்டார்கள். தலைமையகங்களில் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவ அதிகாரிகளை வார்டுக்கு அனுப்பினார்கள். 2017க்கும் 2021க்கும் இடையில் விலகிய 400 டாக்டர்களை அதிகபட்சம் 11 மாத ஒப்பந்தத்தில் எடுக்க உத்தரவு போட்டார்கள். ஜெர்மனியிலிருந்து 23 நடமாடும் ஆக்சிஜன் உற்பத்தி நிலையங்களைத் தருவித்தார்கள். இதெல்லாம் நன்றியோடு நினைக்க வேண்டிய உழைப்பு. ஆனால் 140 கோடி பேர் இருக்கும் நாட்டில் 238ம் 400ம் எவ்வளவு சின்ன எண்கள்! ராணுவத்திடம் தனியாக ஒரு டாக்டர் படை எங்கேயும் சும்மா காத்திருக்கவில்லை. உள்ளே இருந்தவர்களுக்குத் தங்கள் வீரர்கள், அவர்கள் குடும்பங்கள், உங்களைப் போல இசிஎச்எஸ் என்ற மருத்துவத் திட்டத்தின் கார்டு வைத்திருக்கும் லட்சக்கணக்கான முன்னாள் படைவீரர்கள் என்று ஏற்கெனவே கைநிறைய வேலை இருந்தது.

1918இல் நம் நாட்டில் இது தலைகீழாக நடந்தது. ஆங்கிலேய அரசின் இந்திய மருத்துவப் பணியில் இருந்த டாக்டர்களில் பெரும்பகுதி போர்முனைக்குப் போயிருந்தார்கள். பம்பாய்த் துறைமுகம் வழியாகக் காய்ச்சல் நுழைந்தபோது மாவட்டங்களில் ஆளில்லை. குறைந்தது 1 கோடியே 20 லட்சம் பேர் செத்தார்கள். டாக்டர்கள் இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே ஆட்களை ராணுவமும் ஊரும் மாறி மாறி எடுத்துக்கொள்கின்றன என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. எனவே எல்லாவற்றையும் ராணுவத்திடம் கொடுத்துவிடலாம் என்ற உங்கள் யோசனைக்கு என் பதில், வேண்டாம். ராணுவத்திடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒழுங்கையும் போக்குவரத்தையும். விமானப்படை காலி ஆக்சிஜன் டேங்கர்களைத் தூக்கிக்கொண்டு பறந்ததே, அதை வேறு யாராலும் அந்த வேகத்தில் செய்திருக்க முடியாது. ஆனால் உங்கள் தாலுகா அரசு மருத்துவமனையில் காலியாக இருக்கும் நர்ஸ் பணியிடத்தை எந்த ராணுவமும் நிரப்பாது.

ராணுவ மருத்துவமனைகள் எவ்வளவு தேவை என்ற மதிப்பீடு எவ்வளவு தப்பாகப் போகலாம் என்பதற்கு ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன். 2020 பிப்ரவரியில், ஊஹான் ஏற்கெனவே பூட்டப்பட்டிருந்தபோது, அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் ராணுவ மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் சுமார் 50 இடங்களைச் சுருக்கலாம் என்று நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தது. போருக்குத் தேவையானது இவ்வளவுதான், மீதி நோயாளிகளை வெளி மருத்துவமனைகள் பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. அடுத்த மாதமே வெளி மருத்துவமனைகளில் இடமில்லை. 2023 டிசம்பரில் அதே துறை, நோயாளிகளைத் திரும்ப ராணுவ மருத்துவமனைகளுக்கே கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு போட்டது. தினமும் நோயாளியைப் பார்க்காத டாக்டருக்குக் கை பழகாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். அவள் அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. டெவன்ஸில் படுத்த அந்த எழுபது பேரும் யாரோ பெற்ற பெண்கள்தான். ஆனால் அவளை அனுப்புங்கள் என்றே சொல்வேன். இவ்வளவு நேரம் நான் எழுதியதெல்லாம் ஆள் பற்றாக்குறையைப் பற்றி. தானாக வருகிறேன் என்று ஒரு பெண் சொல்லும்போது எப்படித் தடுப்பது? பிஎஸ்சி நர்சிங் நான்கு வருடம், முடித்ததும் ராணுவ நர்சிங் சேவையில் அதிகாரியாகப் பணி. கல்லூரிகள் புனே, மும்பை, டெல்லி, லக்னோ, கொல்கத்தா, பெங்களூரு. உங்களுக்குப் பக்கம் பெங்களூரு விமானப்படை கமாண்ட் மருத்துவமனை. நீட் எழுதியாக வேண்டும், அதன் பிறகு ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இந்த இரண்டாவதைத் தவறவிட்டு வருடத்தை இழக்கும் பிள்ளைகள் உண்டு, தேதியைப் பார்த்து வையுங்கள். அப்புறம், அவள் அம்மாவிடம் நான் பேச வேண்டும் என்றால் எண்ணை அனுப்புங்கள், கூப்பிடுகிறேன்.

அன்புடன்.