மனசு மரத்துப்போனால்…

கேள்வி: புற்றுநோய் வார்டில் ஆறு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். முன்பெல்லாம் நோயாளி அழுதால் எனக்கும் தொண்டை அடைக்கும். இப்போது ஒருவர் இறந்தால்கூட, அடுத்த அட்மிஷன் எப்போது என்றுதான் தோன்றுகிறது. என் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் எரிச்சல்தான் வருகிறது. நான் கல்நெஞ்சக்காரி ஆகிவிட்டேனா?

பதில்: இல்லை. இதற்குப் பரிவுச் சோர்வு என்று பெயர். செவிலியர்களிடம் இதைக் கவனித்து 1992-லேயே எழுதியிருக்கிறார்கள். கீமோவுக்கு வருகிறவர் மாதக்கணக்கில் வருகிறார். அவர் பிள்ளைகளின் பெயர்கூட உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் இறந்த சில மணி நேரத்தில் விரிப்பு மாறுகிறது, அதே கட்டிலில் வேறொருவர் படுத்திருக்கிறார். அழ நேரமில்லாத துக்கம் அப்படியே சேர்ந்துகொண்டு போகிறது. அதைத் தாங்கத்தான் மனசு மரத்துப்போகிறது.

வேலைப்பளுவால் வரும் சோர்வு வேறு. ஆள் கூடினால், ஷிஃப்ட் குறைந்தால் அது இறங்கும். விடுப்பிலும் இறந்தவரின் முகம் கண்முன் வருகிறது, குறிப்பிட்ட ஓர் அறைக்குள் போகக் கால் தயங்குகிறது என்றால் அது பரிவுச் சோர்வின் பக்கம். பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

'புரோகுவோல்' (ProQOL) என்ற இலவச வினாத்தாளை நிரப்பிப் பாருங்கள். கடந்த 30 நாள்களைப் பற்றி 30 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மனநிறைவு, பணிச்சோர்வு, பிறர் துயரத்தால் வரும் பாதிப்பு என்று மூன்று பகுதிகள். அவற்றைத் தனித்தனியாகத்தான் கூட்ட வேண்டும். மொத்தமாகக் கூட்டினால் எந்தப் பொருளும் இராது. பணிச்சோர்வுப் பகுதியில் 5 கேள்விகளுக்கு மதிப்பெண்ணைத் தலைகீழாக்க வேண்டும் (1 என்றால் 5); பலர் தவறுவது இங்கேதான். ஒரு பகுதியில் 22 வரை குறைவு, 42-ம் அதற்கு மேலும் அதிகம். இதை வைத்து நோய் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

ஒருவர் இறந்ததும், உடலை நகர்த்தும் முன், அங்கிருக்கும் குழு ஒரு நிமிடம் நிற்கட்டும். ஒருவர் மட்டும் இறந்தவரின் பெயரைச் சொல்லி, 'இவர் யாருக்கோ அம்மா, நாம் முடிந்ததைச் செய்தோம்' என்ற அளவில் பேசினால் போதும், பிறகு மௌனம். இதைப் பிரார்த்தனைக் கூட்டமாக மாற்றினால் வேற்று நம்பிக்கைக்காரர்கள் ஒதுங்கிவிடுவார்கள். எங்கே தவறு நடந்தது என்ற விசாரணையை அங்கே தொடங்கவே கூடாது.

அறைக்குள் நுழையுமுன் கைக்குச் சானிடைசர் தேய்க்க 20, 30 விநாடி ஆகும். அந்த நேரத்தில் மூச்சை நீளமாக வெளியே விட்டு, 'இவருக்கு இப்போது என்ன தேவை?' என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 'எனக்கே இப்படி வந்தால்?' என்ற நினைப்புதான் ஆளை உறிஞ்சும்.

வார்டு இன்சார்ஜிடமும் பேசுங்கள். நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்பதற்காகவே கடைசிக்கட்ட நோயாளிகளை எல்லாம் ஒரே நர்ஸிடம் தள்ளுவது அநியாயம். சுழற்சி முறை கேளுங்கள்.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, மருந்தின் அளவில் தடுமாற்றம் வருகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே.