ஆடவும் தோணுது, அழவும் தோணுது!

கே: பேரன் நார்வே 'ஆ-ஹா' குழுவோட 'டேக் ஆன் மீ' பாட்ட நாள் பூரா ஓட விடுறான். துள்ளலாத்தான் இருக்கு, ஆனா மனச என்னமோ பண்ணுதே, ஏன்? - ஒரு ஆச்சி, தேவகோட்டை

ப: சரியாத்தான் கேட்டுருக்கீக ஆச்சி. சிந்தசைசரும் (மின்சாரத்துல ஓடுற கீபோர்டு) டிரம் மெஷினும் மூச்சு விடாம ஓடி உங்கள ஆடச் சொல்லுது, ஆனா பாடுற மார்ட்டன் ஹார்கெட் கீழ் ஸ்தாயில கெஞ்சலா ஆரம்பிச்சு பல்லவியில படிப்படியா ஏறி கடைசில கள்ளக்குரல்ல (இயல்பான குரலுக்கு மேல எடுக்குற மெல்லிசான குரல்) உச்சத்துக்குப் போயிருவாரு பாருங்க, ஏக்கம் பூரா அந்த ஏத்தத்துலதான். வரியும் அப்படித்தான், ரெண்டொரு நாள்ல கெளம்பிப் போகப்போறவன் கேக்குற காதல். பர்மாவுக்குக் கொண்டுவிக்க (தொழில் பண்ண) போனவுகள வழியனுப்புன ஊருக்கு இத வெளக்கணுமா என்ன!

1984ல முதல்ல விட்டப்ப ஓடல, மறுபடி பதிவு பண்ணி 1985ல அமெரிக்காவுல முதலிடம். பென்சில் கோட்டுல வரைஞ்ச அந்த வீடியோவுக்கும் அதுல பெரிய பங்கு (எனக்கு பாட்ட விட வீடியோதான் ஒசத்தி).

வீட்டு முற்றத்துல ஸ்பீக்கர் வச்சா எதிரொலியில எல்லாம் கொழம்பிரும், பேரன்கிட்ட ஹெட்போன் வாங்கிக் கேளுங்க. அப்படியே ஸ்வீடன் பாடகி ராபின் 2010ல பாடுன 'டான்சிங் ஆன் மை ஓன்' போடச் சொல்லுங்க, அது இன்னும் மோசமா அழ வைக்கும்.