வாசகர் கேள்வி: சூரியனில் என்ன இருக்கிறது என்று யார் போய்ப் பார்த்தது?

கேள்வி: ஐயா, என் மகன் படிவம் இரண்டு படிக்கிறான். சூரியனில் ஹைட்ரஜனும் ஹீலியமும் இருப்பதாகப் புத்தகத்தில் படித்துவிட்டு, "யாரும்மா போய்ப் பார்த்தது?" என்கிறான். என்ன சொல்வது?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: யாரும் போகவில்லை அம்மா. அங்கிருந்து இங்கே வருவது வெளிச்சம். அதைப் பிரித்துப் பார்த்தே சொல்கிறார்கள்.

ரசம் பொங்கி வழிந்தால் கேஸ் அடுப்பின் நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகுமே, கவனித்திருப்பீர்கள். அது உப்பிலுள்ள சோடியத்தின் வேலை. ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படிச் சொந்த நிறக்கோடுகள் உண்டு. நம் மைகார்டு அடையாள அட்டை எண் மாதிரி, ஒன்றுடையது இன்னொன்றுக்கு வராது.

1814-இல் ஜெர்மனியில் ஃபிரான்ஹோஃபர் சூரிய ஒளியைப் பிரித்தபோது, நிறங்களுக்கு நடுவே நூற்றுக்கணக்கான கருங்கோடுகள் தெரிந்தன. காரணத்தை 1859-இல் கிர்க்காஃப் விளக்கினார்: சூரியனின் வெளிப்புற வாயுவிலுள்ள தனிமங்கள் தங்களுக்குரிய நிறத்தை விழுங்கிவிடுகின்றன. மஞ்சளில் விழுந்த கருங்கோடு, அங்கே சோடியம் இருப்பதற்குச் சாட்சி.

உங்கள் மகன் கேட்ட ஹீலியத்தின் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். ஆந்திரக் கடலோரத்தில் ஒளியைப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியோடு காத்திருந்தவர்கள் சூரிய விளிம்பின் சுடர்களில் ஒரு மஞ்சள் கோட்டைக் கண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியர் என்ற வானியலாளரும் அதைப் பார்த்தார். சோடியத்துக்கு மிக அருகே, ஆனால் சோடியம் இல்லை. பூமியில் அறிந்த எதனோடும் அது பொருந்தவில்லை. 1895-இல்தான் ராம்சே என்ற வேதியியலாளர் ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து வந்த வாயுவில் அதே கோட்டைக் கண்டார். அதுதான் ஹீலியம். காலடியில் கிடந்த பொருளை மனிதன் முதலில் சூரியனில் கண்டுபிடித்திருக்கிறான்! இதைத் தம்பியிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சொல்வதோடு விடாமல் கண்ணாலும் காட்டுங்கள். தோட்டப் பள்ளியில் அறிவியல் நடத்திய காலத்தில் பிள்ளைகளை இதற்காகவே பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக்கு அழைத்துப்போவேன். ஒரு பழைய பாட்டு சிடி போதும். டியூப் லைட் எரியும் கடை முன்னால் அதைச் சாய்த்துப் பிடித்தால் நிறங்கள் பட்டை பட்டையாகப் பிரியும். அதில் பளிச்சென்று நிற்கும் நீலப் பட்டை, குழாய்க்குள் இருக்கும் பாதரச ஆவியுடையது. பக்கத்துக் கடையில் எல்இடி விளக்கு இருந்தால் அதையும் பாருங்கள். அங்கே நிறங்கள் அப்படி வெட்டுப்படாமல் ஒன்றோடொன்று இழையும். விளக்கைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று பையன் சொல்லிவிடுவான்.

சூரியனை மட்டும் சிடியில் பார்க்க விடாதீர்கள். அதில் பட்டுத் திரும்பும் வெயிலும் கண்ணைக் கெடுக்கும்.