எங்கள் பேண்டை உடைத்தது ஒரு படிவம்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ஆரம்பிக்கும் ராக் பேண்டுகள் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஏன் உடைந்துவிடுகின்றன? உங்களுக்கு அந்த அனுபவம் உண்டா?

உண்டு. நாலு பேர், ஐந்து வருடம், ஐந்தே ஐந்து சொந்தப் பாட்டு. நான் பேஸ் கிட்டார், அதாவது கீழ் ஸ்வரங்களை வாசிக்கிற கிட்டார். ஆசைப்பட்டு எடுத்ததெல்லாம் இல்லை; ஒருவன் கிட்டார், ஒருவன் டிரம்ஸ், ஒருவன் பாடுவான் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது, மிச்சம் இருந்தது அதுதான். "நாலு கம்பிதானே மச்சான், ரெண்டு மாசத்துல வந்துடும்" என்றார்கள். எட்டு மாதம் ஆனது.

வேலை, கல்யாணம், ஈகோ என்று எல்லாரும் சொல்லும் காரணங்கள் எங்களுக்கும் இருந்தன. ஆனால் அவற்றையெல்லாம் சமாளித்துக்கொண்டுதான் இருந்தோம். உடைத்தது ஒரு படிவம். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

பிராக்டிஸ் டிரம்மர் வீட்டு மாடி அறையில். சத்தம் வெளியே போகக்கூடாது என்று சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளைச் சாத்தி வைத்திருந்தோம். டிரம்ஸில் இருக்கும் சிம்பல் என்கிற உலோகத் தட்டின் சத்தத்தை மெத்தை கொஞ்சம் விழுங்கும், பேஸும் காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மும் அதைக் கண்டுகொள்ளாமல் வெளியே போய்விடும் என்பது பக்கத்து வீட்டுக்காரர் படியேறி வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. முதல் வருடம் எங்களுக்குள் நடந்த சண்டையெல்லாம் சத்தத்தைப் பற்றித்தான். டிரம்ஸைக் குறைக்கத் திருகு கிடையாது, அதனால் கிட்டார் ஏறும், கிட்டாருக்காக நான் ஏற்றுவேன், எங்கள் மூன்று பேருக்கும் மேலே பாடகன் கத்துவான், அவன் மைக்கை ஏற்றினால் ஸ்பீக்கர் கீச்சென்று ஊளையிடும். கிட்டார்க்காரனிடம் குறைடா என்றால் "எனக்கே நான் வாசிக்கிறது கேக்கலடா" என்பான். பொய் சொல்கிறான் என்றே நினைத்தோம்.

ஒருநாள் அவன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது அவன் இடத்தில் போய் நின்று என் பேஸை அவன் ஆம்பில் (கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கும் ஸ்பீக்கர் பெட்டி) செருகி வாசித்துப் பார்த்தேன். ஆம்ப் தரையில் இருக்கிறது, நிற்பது அதற்கு ஒரு முழம் முன்னால். சத்தமெல்லாம் முழங்காலுக்குப் பின்னால் மோதிவிட்டு எதிரே இருப்பவர்களின் முகத்துக்குப் போகிறது, நிற்பவன் காதுக்குப் பாதிகூட ஏறவில்லை. அவன் சொன்னது நிஜம்தான். ஆம்பைத் தூக்கி ஒரு நாற்காலியில் வைத்து அவன் முகத்தைப் பார்க்கிற மாதிரி சாய்த்தோம். இரண்டு நிமிடத்தில் அவனே குனிந்து வால்யூமைப் பாதியாக்கினான். ஒரு வருடச் சண்டை, ஒரு நாற்காலி! (புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் காதடைப்பானும் வாங்கிவிடுங்கள். என் இடது காதில் அந்த ரீங்காரம் இன்னும் நிற்கவில்லை.)

அதற்குப் பிறகு ஏறுமுகம்தான். கல்லூரி விழாக்கள், அப்புறம் சின்னச் சின்ன அரங்குகள். மற்றவர்களின் பாட்டை இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டு நடுவில் எங்கள் பாட்டு ஒன்றைத் திருட்டுத்தனமாக நுழைப்போம். பாடகனுக்கு மேல் ஸ்தாயி எட்டாததால் எல்லாக் கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்கி வைத்தோம். கேட்டால் "சவுண்டு கனமா இருக்கும்ல" என்பான். ஒரு நிகழ்ச்சியில் முன்பின் தெரியாத ஒரு கூட்டம் எங்கள் சொந்தப் பாட்டின் பல்லவியை எங்களுக்கு முன்னாலேயே பாட ஆரம்பித்துவிட்டது. அன்று இரவு யாருமே தூங்கவில்லை.

அந்தப் பாட்டு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும், விஷயமே அதில்தான் இருக்கிறது. ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, கிட்டார்க்காரனுடையது, வரிகள் பாடகனுடையது. சுமாரான பாட்டு. ஒரு மாலை அதைப் பத்தாவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோ வாசிக்கும்போது, பல்லவி வந்த இடத்தில் டிரம்மர் ஸ்னேரை (பளிச்சென்று ஒலிக்கும் நடு டிரம்) ஒன்று-இரண்டு-மூன்று-நாலு என்ற எண்ணிக்கையில் இரண்டிலும் நாலிலும் அடிப்பதை விட்டுவிட்டு மூன்றில் மட்டும் அடித்தான். விளையாட்டாகத்தான். வேகம் மாறவில்லை, ஆனால் பாட்டு சட்டென்று பாதி வேகத்தில் நடப்பதுபோலக் கேட்க ஆரம்பித்து, பல்லவிக்கு மூச்சு விட இடம் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், யாரும் நிறுத்தவில்லை.

பதிவு செய்து இணையத்தில் ஏற்றும்போது ஒரு படிவம் வரும். இசை யார், வரிகள் யார். கிட்டார்க்காரன்தான் நிரப்பினான், இரண்டு பெயர். சட்டப்படி தப்பென்று சொல்ல முடியாது. பாட்டின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. பாட்டு என்றால் பொதுவாக மெட்டும் வரிகளும்தான், டிரம்ஸும் பேஸும் அந்தக் கணக்கில் பெரும்பாலும் வராது. பங்கு போடப் பணமும் வரவில்லை. டிரம்மர் மொபைலைப் பார்த்தான், "வந்துடுச்சா, சூப்பர்" என்றான், குச்சிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். நானும் பார்த்தேன். என் பெயரும் அதில் இல்லாததால் நான் கேட்டால் எனக்காகக் கேட்பதுபோல ஆகிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன். இந்தக் கதையில் என் பங்கு அதுதான்.

அடுத்த சில மாதங்களில் டிரம்மர் தாமதமாக வரவில்லை, சண்டை போடவில்லை. புதுப் பாட்டு எதை எடுத்தாலும் "எப்படி அடிக்கணும்னு சொல்லு, அடிக்கிறேன்" என்பான். சொன்னோம், அப்படியே அடித்தான். அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு நல்ல பாட்டுகூட வரவில்லை.

ஆர்.இ.எம். என்று ஒரு அமெரிக்க பேண்ட். தாங்கள் எழுதிய பாட்டுகளை, யார் தொடங்கியது என்று பார்க்காமல், நாலு பேர் பெயரிலும் போட்டார்கள். 1980-இல் ஆரம்பித்து, 1997-இல் டிரம்மர் விலகியும் தொடர்ந்து, 2011-இல் நல்லபடியாகப் பேசிப் பிரிந்தார்கள். இதனால் மட்டும்தான் நிலைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் படித்தபோது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

எந்த நாளில் உடைந்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பீட்டில்ஸ் பேண்டுக்கே அதில் குழப்பம்: விலகுகிறேன் என்று அதில் இருந்த ஜான் லெனன் மற்றவர்களிடம் உள்ளுக்குள் சொன்னது 1969 செப்டம்பரில், உலகத்துக்குத் தெரிந்தது 1970 ஏப்ரலில், சட்டப்படி கூட்டு கலைந்தது 1975-இல். எங்களுக்கு ஒரு வாரம் பிராக்டிஸ் தள்ளிப்போனது, அடுத்த வாரமும் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

போன மாதம் பழைய மின்னஞ்சலைத் துழாவியபோது பாட்டை இணையத்தில் ஏற்றிய கணக்கின் கடவுச்சொல் கிடைத்தது. மற்ற இருவரிடமும் போனில் கேட்டேன், "இதுக்கெல்லாம் கேக்கணுமாடா" என்றார்கள். அந்த ஒரு பாட்டுக்கு நாலு பெயரையும் போட்டுச் சேமித்து, திரையைப் படமெடுத்து டிரம்மருக்கு அனுப்பினேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் காலையில் வந்தது: "பேர்ல ஒரு எழுத்து தப்பு மச்சான்."

திருத்தியிருக்கிறேன். இன்னும் பரிசீலனையில் இருக்கிறதாம்.